முள்மரத்துக்கு இந்தப் பக்கம்

மொனகன், 2019 மார்ச் 4

அன்புப் பேத்தி கிரான்யாவுக்குப் பாட்டி அட்ராக்டா எழுதுவது. இங்கே இரண்டு காலில் நடப்பவர்கள் நலம். நான்கு காலில் நடக்கிற பன்னிரண்டு பேரும் நலம். நியூசிலாந்தில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. மாட்டு டாக்டர் பேத்தி எழுதியது என்று தபால்காரரிடம் சொன்னேன். போன தடவையும் அதைத்தான் சொன்னேனாம். சொன்னால் என்ன, அவர் வீட்டில் யார் டாக்டர்?

உன்னை அங்கே ஆஸ்பத்திரியிலேயே பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறார்கள், ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நம் பன்னிரண்டு பசுக்களும் எனக்காக இருக்குமா, நான் வரட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல் பாட்டி என்றும் கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையைத் தேடி ஒரு வாரமாக அலைகிறேன். தொலைபேசியில் பேசலாம் என்றால் உன் அப்பன் ஃபின்டன் பக்கத்திலேயே நின்று, நான் சொல்வதைத் திருத்திக்கொண்டிருக்கிறான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒரு காளையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். சந்தையில் கழுத்துப்பட்டை கட்டியவர்களே வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட எனக்கு இந்த ஒன்று மட்டும் பிடிபடமாட்டேன் என்கிறது.

பிரிட்டன்காரர்கள் இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி பொதுச் சந்தையை விட்டுப் போகிறார்கள். நம் நாட்டிலிருந்து வெளியே போகிற மாட்டிறைச்சியில் பாதியைத் தின்கிறவர்கள் அவர்கள். பேச்சு முடியாமல் போனால் நம் கறிக்கு வரி போடுவார்களாம். இங்கே வாங்க ஆளில்லாமல் விலை விழுமாம். அங்கே கறி இல்லாமல் விலை ஏறுமாம். எல்லையென்று நடுவில் இருப்பது நம் ஓடை ஒன்றுதானே, தாண்டினால் பிரிட்டன் ஆட்சி, இந்தப் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் கிராக்கி என்றால் ராவோடு ராவாக ஓட்டிவிட்டால் என்ன என்று ஃபின்டனைக் கேட்டேன். "அம்மா, அதுக்குப் பேரு கடத்தல்" என்றான். உன் கொள்ளுத்தாத்தா அதை வியாபாரம் என்றுதான் சொல்வார்.

ஓடைக்கு அந்தப் பக்கத்து நோபிள் குரோசியரை வேலியோரம் பிடித்துக் கேட்டேன். விட்டுப் போகவேண்டும் என்று ஓட்டுப் போட்டவன் அவன். போன திங்கட்கிழமை, "எங்களுக்கு விலை ஏறும் அம்மணி, உன் பாடுதான் திண்டாட்டம்" என்றான். வியாழக்கிழமை முகம் தொங்கிவிட்டது. "பிரேசில்லேர்ந்து கப்பல் கப்பலா மலிவுக் கறி வருமாம். எங்களுக்கும் எறங்கும் போல" என்றான்.

"அப்ப யாருக்குத்தான்யா ஏறும்?" என்றேன்.

"வாங்கித் திங்கிறவனுக்கு."

"ஓட்டுப் போட்டவன் நீ, உனக்கே தெரியலையா?"

"போட்ட அன்னிக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டான்.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. இந்த வருஷ விரதத்துக்குச் சர்க்கரைக்குப் பதிலாக வானொலிச் செய்தியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தேதிக்கு முன்னால் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும் என்கிறான் ஃபின்டன். மந்தை என் பேரில் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு வால்கூட நகராது. புரியாத எதற்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் பாட்டி,
அட்ராக்டா ட்ரேனர்


மொனகன், 2019 மார்ச் 23

என் கண்ணு கிரான்யாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நலம் விசாரிக்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

பதிமூன்றாம் தேதி வானொலியில் வரிக்கணக்கு வந்தது. செய்தியை விடுவதாகச் செய்த விரதம் ஒரு வாரம்தான் தாங்கியது. பேச்சு முடியாமல் பிரிந்தால், நம் கறி கப்பலேறிப் பிரிட்டனுக்குப் போனால் வரி உண்டாம். நம் ஓடையைத் தாண்டி வடக்கே போனால் வரி இல்லையாம். ஒரே மாடு, ஒரே கறி, ஈரமான பாதை இரண்டு. ஒன்றில் வரி, ஒன்றில் இல்லை. ஃபின்டன் காகிதத்தில் கோடு போட்டு மூன்று தரம் விளக்கினான். "இன்னும் ரெண்டு வாரம் போனா, சும்மா குடுத்தாக்கூட வாங்க ஆளிருக்காதும்மா. புரியுதா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எடை சொல்கிறவள், பேத்தியைப் படிக்கவைத்தவள், மகன் முன்னால் எப்படிப் புரியவில்லை என்பது? புரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டி, பேனாவை வாங்கி, பேரை முழுசாக எழுதினேன். அவனைத் திட்டாதே. அவனும் பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

புனித பேட்ரிக் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. பதினொன்று ஏறின. பன்னிரண்டாவதைக் காணோம். நீ பேர் வைத்த அந்தப் பிடிவாதக்காரிதான், நிறைசினை. தேடிப் பார்க்க லாரிக்காரருக்கு நேரமில்லை, போய்விட்டார். சந்தையில் ஊரே பயந்துபோய் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்திருந்ததாம். எல்லாரும் விற்றால் யார் வாங்குவது? விலை விழுந்துவிடும் என்று பயந்தே விழவைத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை வானொலியில், இருபத்தொன்பதாம் தேதி போகவில்லை, தேதியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஃபின்டன் கஞ்சிக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே வைத்துவிட்டான். பதினொன்றும் நின்ற பெரிய கொட்டகையைக் கழுவப் போனோம். கழுவ அங்கே ஒன்றுமே இல்லை.

பிடிவாதக்காரியைப் பற்றிச் சொல்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமையே வேலியைப் பிய்த்துக்கொண்டு, ஓடையைத் தாண்டி, நோபிள் வயலில் போய் ஈன்றிருக்கிறாள். கிடாரிக் கன்று, சிவப்பு, நெற்றியில் சுழி. நான் போய்ச் சேரும்போது நோபிள் வைக்கோலால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். "மகாராணியோட மண்ணுல பொறந்த பிள்ளை அம்மணி. கொடி தைக்கக் குடுத்திருக்கேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வடக்கே பிறந்து தெற்கே வளர்ந்த மாட்டை இரண்டு நாட்டுக் கலப்பு என்று எழுதி விலையைக் குறைக்கிறார்கள், உனக்குத் தெரியும். நமக்கு மிஞ்சியது இந்த ஒன்று. அதுவும் பிறக்கும்போதே பாதி மாடா என்று கேட்டுவிட்டேன். பேசாமல் உன் பக்கம் பிறந்ததாக எழுதிக்கொள் என்று சொல்வானோ என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். கன்றின் காதில் பொய்யைக் குத்தி வளர்க்க என்னால் ஆகாது.

நோபிள் வீட்டுக்குப் போய் அவன் தாத்தா காலத்து வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தான். பெரிய வெள்ளத்தில் ஓடை நம் பக்கம் விலகிவிட்டதாம். எல்லைக்கோடு ஓடையோடு நகரவில்லை. அவன் வயலில் நிற்கிற, தேவதைகள் குடியிருக்கிற மரம் என்று யாரும் வெட்டத் துணியாத அந்த முள்மரத்தின் வழியாகத்தான் கோடு போகிறது. கன்று பிறந்தது மரத்துக்கு இந்தப் பக்கம்.

"அப்ப இது என் மண்ணா?"

"முள்மரம் வரைக்கும் உன்னுது."

"எத்தனை நாளாய்யா தெரியும் உனக்கு?"

"அம்பது வருஷமா."

"அம்பது வருஷமா என் புல்லையா மேய்ச்சே?"

"நல்ல புல்லு அம்மணி" என்றான். கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நம் கன்றுக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டான். மறுநாள் போய்ப் பார்த்தேன். அவன் வேலியை முள்மரத்துக்கு அப்பால் நகர்த்தியிருந்தான்.

எந்த நாடு எதை விட்டுப் போகிறது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. என் நிலம் எதுவரை என்பதே இந்த வாரம்தான் விளங்கியிருக்கிறது. நீ கேட்ட ஒரு வார்த்தை என்னிடம் இல்லை, கண்ணு. பன்னிரண்டு பசு கேட்டாய். ஒரு பசுவும் ஒரு கன்றும் நீ பார்க்காத ஒரு துண்டு நிலமும் இருக்கிறது. விலை என்ன ஆகும் என்று கேட்காதே. கேட்டால் தெரிந்த மாதிரித் தலையாட்டிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

கன்று சீம்பால் குடித்துவிட்டுத் துள்ளுகிறது. காதில் அடையாள எண் போட்ட மஞ்சள் வில்லை குத்த, பிறந்த நாளிலிருந்து இருபது நாள் அவகாசம், ஏப்ரல் எட்டு வரைக்கும். எத்தனையோ காது குத்திய கை இது, நானே குத்திவிடுவேன். ஆனால் எட்டாம் தேதி சாயங்காலம்வரை குத்தப்போவதில்லை. வில்லையும் இடுக்கியும் அடுப்பங்கரை ஜன்னலில், உன் பழைய கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

நீ எந்தப் பக்கம் இருந்தாலும் மாடுகளைக் காக்கிற பிரிஜித் அம்மாள் உனக்குத் துணையிருக்கட்டும். வா என்று இந்தக் கடிதத்தில் நான் எங்கும் எழுதவில்லை. உன் அப்பன் கேட்டால் இந்த வரியைக் காட்டு.

உன் பாட்டி,
அட்ராக்டா