ஜிகினாவின் நாக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பாவின் தொண்டை மட்டும் சுகமில்லை, சனிக்கிழமையிலிருந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, பேச்சு வரவில்லை, இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அது எப்படி ஆயிற்று என்று போகப் போகச் சொல்கிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேத்திக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கத்தான் செய்வாள், நீயும் இப்படித்தான் என் கேமரா வாரைக் கடித்து நார் நாராக்கினாய், அதனால் குழந்தையை அதட்டாதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுநடுவே பேசுவாய். இந்தத் தடவை நான் மட்டும்தான் பேசப் போகிறேன், ஏனென்றால் நான் ஜெயித்திருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உன் தங்கையை அந்த ஹாக்கி கிளப் எடுத்துக்கொண்டது. வந்து போய்க்கொண்டிரு, பார்க்கலாம் என்கிற கதை இல்லை. ஒப்பந்தம், மாதச் சம்பளம், முதுகில் எண் போட்ட சட்டை எல்லாம் உண்டு. போன மாதம் நீ சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. சின்னவ ஆட்டம் பாக்க நல்லா இருக்கும்மா, பொழப்புக்கு ஆகாது, அந்த குடிநீர் அலுவலக வேலைய விடாம பிடிச்சுக்கச் சொல்லு என்றாய். உன்மேல் கோபமில்லை, நீயும் ஆடிவிட்டு முழங்காலைக் கெடுத்துக்கொண்டவன், உன் கவலை எனக்குப் புரியாதா. அந்த வேலையும் சும்மா வந்ததில்லை, கல்லூரி அணிக்கு அவள் ஆடியதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும், கிளப்பின் தேர்வோ அதற்கு அடுத்த வாரம். வேலைக்குச் சரி என்றால் கிளப் இல்லை. வேலையை விட்டுவிட்டு, கிளப்பும் கைவிரித்துவிட்டால் இரண்டும் போச்சு. அதனால் வீட்டில் காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ராத்திரி விளக்கணைப்பது வரை ஒரே பேச்சுதான், இவள் தேறுவாளா மாட்டாளா.

உங்கப்பாவின் தீர்ப்பு உனக்குத் தெரியும். அவளுக்கு ஜிகினா என்று பட்டப்பெயர் வைத்ததே அவர்தானே. பச்சை நிற ஷூ கயிறும், மட்டையில் பளபளக்கிற டேப்பும், பந்தை மட்டை நுனியில் துள்ளவிட்டுக்கொண்டே மாடிப்படி ஏறுவதும், கோல் போட்டுவிட்டு மட்டையின் நுனியை ஊதி ஆறவைப்பதும் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நான் பஸ் டிப்போ டீமுக்கு கோல் கீப்பரா நின்னவன், எதிர்ல வர்றது கோல் போட வருதா படம் காட்ட வருதான்னு எனக்குத் தெரியாதா என்பார். சரி, பேசிப் பேசி என்ன ஆகப் போகிறது, நானே கோலில் நிற்கிறேன், என்னைத் தாண்டிக் காட்டட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி, காலில் கட்டுகிற அந்தக் காலத்துப் பேடுகளை இறக்கினார். ஒன்றில் வார் அறுந்திருந்தது, துணி காயப்போடும் கயிற்றை வைத்துக் கட்டிக்கொண்டார். அந்தத் தொப்பையோடும் பேடுகளோடும் தெருவில் அவர் நடந்த நடையை நான் படம் எடுக்காமல் விட்டது என் தொழிலுக்கே அவமானம். டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். இவள் பந்தோடு தனியாக ஓடிவந்து அவரை ஏமாற்றி உள்ளே தள்ள வேண்டும், அதுதான் பந்தயம்.

நம்பமாட்டாய், ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. இவள் இடப்பக்கம் வெட்டினால் அவர் அங்கே விழுந்து கிடக்கிறார், வலப்பக்கம் இழுத்தால் அங்கே கால் நீட்டுகிறார், பந்து வருவதற்கு முன்னாலேயே போய்க் காத்திருக்கிற மாதிரி. சின்னவள் முகம் சுண்டிவிட்டது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, இந்த வயசுல என்னையே தாண்ட முடியல, அங்க போய் என்னத்த கிழிக்கப் போறா என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த நெஞ்சோடு வீடு வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டது நான்தான். எப்படிங்க பிடிச்சீங்க என்று அப்போது கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. அது கோல் கீப்பர்களுக்குள் இருக்கிற ரகசியமாம், எனக்குச் சொன்னால் புரியாதாம்.

அதற்குப் பிறகுதான் வினை. அடுத்தடுத்து ஆடிய ஆட்டங்களில் அவளால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. யார் கோலில் நின்றாலும் அவள் போகிற பக்கம் முன்கூட்டியே போய் நிற்கிறார்கள். வெளியே இருந்து கைதட்டியவர்களே ஜிகினா உதிர்ந்துபோச்சு என்று கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவதில்லை, மட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஒருநாள் சாயங்காலம், அம்மா, அப்பா சொல்றதுதான் சரி, நாளைக்கு நான் ஆபீசுக்குப் போய் சரின்னு சொல்லிடறேன் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. சின்ன வயதிலிருந்து எதற்கும் சரி என்று உடனே சொல்லாத பெண் அவள். ஒருநாள் பொறுத்துக்கோ என்று மட்டும் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் நம் ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தாள், வாட்டசாட்டமான உடம்பு, முழங்கை முழுக்கக் காயத் தழும்பு. நான் எல்லோரிடமும் சொல்கிற மாதிரி நேரா உக்காரும்மா, வாய மூடு, நாக்க உள்ள வெச்சுக்கோ என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆன்ட்டி, அத உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க, அவளுக்குத்தான் தேவை என்றாள். பார்த்தால் போன வாரம் சின்னவளை ஒரு கோல்கூடப் போடவிடாமல் தடுத்த எதிர் அணிக் கோல் கீப்பர் இவள்தான். நாக்கா, என்ன நாக்கு என்று கேட்டேன். அவளுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது போலிருக்கிறது. சின்னவள் ஏமாற்று வித்தை காட்டுவதற்கு முன் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்குமாம். எந்தப் பக்க ஓரத்தில் எட்டிப் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பந்து போகுமாம். யாரு சொன்னா என்று கேட்டேன். எங்க கோச் சொன்னார், அவருக்கு டிப்போ அங்கிள் சொன்னாராம் என்றாள்.

டிப்போ அங்கிள் என்றால் வேறு யார், என் வீட்டு மகாராஜாதான். மகளை ஜெயித்த பெருமையை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாமல் பழைய கோல் கீப்பர் சிநேகிதர்கள் ஒவ்வொருவரிடமும் கொட்டியிருக்கிறார், அவர்களெல்லாம் இப்போது ஆளுக்கொரு அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள். வந்த கோபத்தில் அந்தப் பெண்ணின் படத்தைத் தலை வெட்டி எடுத்துவிட்டேன், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது கோபம் போய் ஒரே சந்தோஷம் பொங்கியது. பெண்ணுக்கு ஆட்டம் போய்விடவில்லை, அவள் ரகசியம்தான் வெளியே போயிருக்கிறது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீயே யோசித்துப் பார்.

சின்னவளிடம் சொன்னேன். கண்ணாடி முன்னால் போய் நின்று மட்டையைச் சுழற்றிப் பார்த்தாள், நாக்கு வந்தது. அட கடவுளே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். முதலில் வாயை இறுக்க மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தாள், வாயைக் கட்டினால் காலும் கட்டிக்கொள்கிறது, மரக்கட்டை மாதிரி நின்றாள். நான்தான் சொன்னேன், அது பாட்டுக்கு வரட்டும்டி, நாக்கு ஒரு பக்கம், பந்து இன்னொரு பக்கம் போனா என்ன என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாள் குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள், ரொம்ப நன்றி, எனக்கு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். போ என்று நான் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்டு, அதனால் சாயங்காலம் வீடு எங்கள் ராஜ்ஜியம். கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகிற நடையில் நான் சோபா மெத்தை இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கோல் கீப்பராக நிற்பேன், அவள் ரப்பர் பந்தோடு வருவாள். முதலில் நாக்கு போன பக்கமே கால் போனது, மாற்றிப் போகச் சொன்னால் தன் காலில் தானே தடுக்கி விழுந்தாள். விழுந்து எழுந்து, திட்டு வாங்கி, சிரித்து, மெதுவாகப் பிடிபட்டது. உன் பட்டமளிப்புப் படத்தின் கண்ணாடி இதில் உடைந்துவிட்டது, படம் பத்திரமாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. கீழ் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார், அலமாரி நகர்த்துகிறோம் என்றேன். தினமுமா என்று கேட்டார், பெரிய அலமாரி என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை தேர்வு. அப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்தார். தோற்றுவிட்டு அழுதால் கூட்டி வருவதற்கு ஆள் வேண்டுமே என்றார், ஆனால் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார் என்பதையும் நான் கவனித்தேன். ஓட்டம், பாஸ் கொடுப்பது எல்லாம் முடிந்து, கடைசியில் ஒவ்வொருத்தியும் தனியாகப் பந்தோடு வந்து கிளப்பின் கோல் கீப்பரைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்டாதவர்களுக்கு அங்கே இடமில்லை. சின்னவள் முறை வரும் சமயம் பார்த்து உங்கப்பா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், சார், அந்தப் பொண்ணு நாக்கப் பாத்துக்கோங்க, நாக்கு போற பக்கம்தான் பந்து என்று ஆரம்பித்துவிட்டார். தன் மகள் என்றுகூடச் சொல்லவில்லை, தனக்கு ஆட்டம் தெரியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த மனிதர் மெல்ல எழுந்து கீழே இறங்கிப் போய் கோல் கீப்பரின் காதில் ஏதோ சொன்னார். அவர் கிளப் ஆள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானோ, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாமே என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

சின்னவள் வந்தாள். நாக்கு நுனி இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது, எனக்கு அத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது. கோல் கீப்பர் இடப்பக்கம் பாய்ந்து விரித்த பாய் மாதிரி கிடந்தாள். பந்து வலப்பக்கம் நடந்து உள்ளே போனது, ஆமாம், நடந்துதான் போனது, அவசரமே இல்லை. இவள் மட்டை நுனியை ஊதினாள். இரண்டாவது தடவையும் நாக்கு இடது ஓரத்தில். இந்தப் பெண் எதிர்ப் பக்கம்தான் போவாள் என்று அவள் இப்போது வலப்பக்கம் பாய்ந்தாள், பந்து இடப்பக்கமே போனது. மூன்றாவது தடவை அந்தக் கோல் கீப்பர் பாவம், எங்கே போவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள், பந்து அவள் இரண்டு காலுக்கும் நடுவே போனது. உங்கப்பா எழுந்து நின்று, என் பொண்ணு, அது என் பொண்ணு என்று கத்த ஆரம்பித்தவர்தான், மைதானத்தைப் பூட்ட ஆள் வரும்வரை நிறுத்தவில்லை. தொண்டை போன கதை இதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

கிளப்பின் பெரிய கோச் ஒரு பெண்மணி, கட்டையாக வெட்டிய நரைமுடி, சிரிக்கவே மாட்டார் போலிருந்தது. எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வித்தை காட்டுற பிள்ளைங்க வருஷா வருஷம் நிறைய வர்றாங்க, அந்த வித்தை ஊருக்குத் தெரிஞ்ச அன்னிக்கே முக்காவாசிப் பேர் காணாமப் போயிடுவாங்க, உங்க பொண்ணு ஊருக்குத் தெரிஞ்சதையே வித்தையா மாத்திட்டா, இவ நிப்பா என்றார். ஜிகினாவ மட்டும் விட்டுடாதே, டிக்கெட் வாங்குறவங்க அதுக்கும்தான் வர்றாங்க என்று அவளிடமும் சொன்னார். பெரியவனே, நீயும் அப்பாவும் என்னிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லிக்காட்டப் போவதில்லை, அடுத்த தடவை நீ வரும்போது மட்டும் கொஞ்சம் சொல்லிக்காட்டுவேன்.

இப்போது உங்கப்பா டிப்போவில் ஒவ்வொருவரிடமும் காற்றுக் குரலில், நான் அன்னிக்கே சொன்னேன், அவ பெரிய ஆளா வருவான்னு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இருக்கட்டும், சந்தோஷமாகப் பொய் சொல்கிற மனிதரை என்ன செய்வது. எனக்கு இருக்கிற கவலையெல்லாம் வேறு. கிளப் கொடுக்கிற அறையில் இன்னும் இரண்டு பெண்களாம், இவள் துணியை மடித்து வைக்கவே மாட்டாள். முழங்காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அது பற்றி உன்னைவிடத் தெரிந்தவர் யார், நீயாகவே அவளுக்குப் போன் பண்ணிச் சொல். பண்ணும்போது முதலில் வாழ்த்துச் சொல், பிறகு மன்னிப்புக் கேள், அறிவுரை கடைசியில். நீயும் நின்றுகொண்டே சாப்பிடுவதை விடு, மருமகளுக்கு வீட்டு வேலையில் கைகொடு. பேத்தியின் புதுப் படம் அனுப்பு, கடைக் கண்ணாடிப் பெட்டியில் சின்னவளின் படத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, மனம் நிறைந்து இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் ஆசி.

உன் அன்புள்ள
அம்மா

மறக்காமல் இன்னும் ஒன்று. நானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று அப்பா பேனாவைப் பிடுங்கி எழுதியதை நீ கீழே பார்ப்பாய். எழுதும்போது அவர் நாக்கு நுனி இடது ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அது சின்னவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும், அவருக்குத்தான் இன்றுவரை தெரியாது. கோலில் நிற்கும்போதும் அப்படித்தான், எந்தப் பக்கம் பாயப் போகிறாரோ அந்தப் பக்கம் நாக்கு வரும். தொண்டை சரியானதும் அவளோடு இன்னொரு ஆட்டம் ஆடியே தீருவேன் என்று பேடுக்குப் புது வார் வாங்கி வந்திருக்கிறார். அவரிடம் நீ ஒன்றும் சொல்லிவிடாதே. சின்னவளிடம் நான் இன்று காலையில்தான் சொன்னேன்.

மகனே, நான் அன்றைக்கே சொன்னேன். அப்பா.