இரண்டாவது கோப்பை

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து, ஊறவைத்திருந்த கொண்டைக்கடலையைக் குக்கரில் போட்டேன். நீங்கள் செய்வதுபோல ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் தேயிலையை முடிந்து கடலைக்கு நடுவே புதைத்து வைத்தேன். ஐந்து விசில் விட்டு, ஆறவிட்டு, மூடியைத் திறந்ததும் ஆவியோடு அந்த வாசனை எழுந்தது. நனைந்த மரக்கட்டையின் வாசனையில் கொஞ்சம் தேன் கலந்ததுபோல. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இதோ வந்துட்டேங்க்கா" என்றேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. நீங்கள் போய் பதினோரு மாதம் ஆகிறது. உங்கள் வீடு பூட்டியே கிடக்கிறது. ஆனாலும் ஈரக்கையோடு வாசல்வரை போய்விட்டேன்.

திரும்பி வந்து அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மேலப்புதூர் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று, சாமான்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நீங்கள்தான் முதல் தேநீரைக் கொண்டுவந்தீர்கள். கண்ணாடிக் கோப்பைக்குள் அடிவரை தெரிந்தது. டீத்தூளைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தே பழகிய எனக்கு அது வெறும் வெந்நீராகத்தான் பட்டது. பால் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "தூள்ல கலர் இருக்கும்மா, வாசம் இலையிலதான் இருக்கு. ரெண்டு வாய் குடிச்சுட்டு அப்புறம் சொல்லு."

முதல் வாய் துவர்த்தது. இரண்டாவது வாயில் ஏதோ ஒரு பூ இருந்தது.

குன்னூரில் இருக்கும் உங்கள் தம்பி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்சலில் அனுப்பும் இலை அது. கறுத்து, முறுக்கிக்கொண்டு, கிராம்புக் காம்பைப்போல இருக்கும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு, தட்டால் மூடி, உதட்டுக்குள் ஃபாத்திஹா ஓதுவீர்கள். ஏழாவது முறை முடியும்போது வடிகட்டுவீர்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்காது என்பீர்கள். வீட்டில் நான் போட்டுப் பார்த்தபோது 'அருள் நிறைந்த மரியே' பத்து முறை சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னதும், எங்கள் மாதா கொஞ்சம் வேகமாகப் போகிறவர் போலிருக்கிறது என்று கேலி செய்தீர்கள்.

வடிகட்டிய இலையையும் நீங்கள் வீணாக்கியதில்லை. பால்கனி ரோஜாத் தொட்டிக்குப் போகும். காந்தி மார்க்கெட்டிலிருந்து முற்றிய கறி வந்துவிட்டால் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து வேகவைப்பீர்கள், பஞ்சுபோல வெந்துவிடும். முட்டையின் ஓட்டைத் தட்டி விரிசலாக்கி அதே தண்ணீரில் போட்டு எடுத்தால், உரித்தபின் வெள்ளையில் பழுப்பு நரம்புகள் ஓடியிருக்கும். என் மகன் அவற்றை டைனோசர் முட்டை என்பான்.

தினமும் நாலு மணிக்கு உங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு தட்டு கேட்கும். கல்லூரி அலுவலகத்தில் எனக்குக் காலை ஷிஃப்ட். மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். தட்டியதும் வந்துவிடுவேன். விளிம்பில் நீலக் கோடு போட்ட கோப்பை எனக்கென்றே ஆகிவிட்டது. நான் எப்போதும் கடைசி வாயைக் குடிக்காமல் விட்டுவிடுவேன், அடியில் தங்கிய துணுக்கு தொண்டையில் ஒட்டும் என்று. அந்த ஒரு வாய்க்காக என்னை எத்தனை தடவை திட்டியிருப்பீர்கள்.

இனி எழுதப்போவது உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது.

என் கணவர் வேலைபார்த்த அரியமங்கலம் பட்டறைக்கு அன்று விடுமுறை. அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நாலு மணிக்கு நீங்கள் தட்டினீர்கள். அவர் தூங்குகிறார் என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். முதல் கோப்பை முடிந்து, இரண்டாவதை ஊற்ற நீங்கள் உள்ளே போனீர்கள். உங்கள் அடுப்பில் குக்கர் இரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். அரிசி மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல ஒரே ஒரு சத்தம். என் படுக்கையறைப் பக்கமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாடி வீட்டில் ஏதோ நகர்த்துகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் வந்து கோப்பையை நீட்டினீர்கள். வாங்கிக் குடித்தேன். இருபது நிமிடம் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது அவர் கட்டிலிலிருந்து விழுந்து தரையில் உயிரில்லாமல் கிடந்தார்.

உங்கள் வீட்டில் இருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சத்தம் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து பத்து நாளும் நீங்கள் கஞ்சியும் இடியாப்பமும் கொண்டுவந்தீர்கள். அதன்பின் நாலு மணிக்குப் பழையபடி சுவரில் தட்டினீர்கள். நான் வரவில்லை. முதலில் தலைவலி என்றேன், அப்புறம் வேலை என்றேன், அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த இரண்டாவது கோப்பையை ஊற்றியது நீங்கள்தானே என்று ஓர் எண்ணம். அது அநியாயம் என்று தெரிந்தே அதைப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் அதை விட்டால் பழிக்கு நான் மட்டும்தான் மிச்சம். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினீர்கள்.

"எம்மேல ஏதாச்சும் வருத்தமாம்மா?"

"அதெல்லாம் இல்லக்கா. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி."

அதற்குப் பிறகு சுவர் தட்டப்படவில்லை. ஆனால் நாலு மணிக்கு வாசனை மட்டும் வரும். ஒரு வருடத்துக்கு மேல் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

நீங்கள் போன அன்று நான் ஊரில்தான் இருந்தேன், ஆனால் வீட்டில் இல்லை. எங்கள் சூப்பிரண்டெண்ட் ஓய்வுபெறுவதற்காக அலுவலகத்தோடு முக்கொம்புக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து மற்றவர்கள் அணை ஷட்டர்களைப் பார்க்கப் போனார்கள். நான் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். 'அக்கா, எனக்குச் சத்தம் கேட்டுச்சு. கேட்டும் நான் எழுந்திரிக்கல. கோபம் உங்க மேல இல்ல.' இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் கண் அசந்துவிட்டது. விழித்தபோது முகம் நனைந்திருந்தது. மணி நாலரைக்கு மேல்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை கீதா பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினாள். வேண்டாம் என்றேன். "இப்பதான் டீ குடிச்சேன்."

எங்கே குடித்தேன் என்று அவள் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் வெயிலில் நின்றது. என் நாக்கில் துவர்ப்பு இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அசதியாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கடந்துபோனேன். அன்று மாத்திரை போட மறந்து, அப்படியே தூங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஷார்ஜாவிலிருந்து உங்கள் மகள் ஷமீமா கூப்பிட்டாள். நீங்கள் ஃபோனை எடுக்கவில்லையாம், போய்ப் பார்க்கச் சொன்னாள். உங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள், "நேத்து சாயங்காலம் பேசினப்போ நல்லா இருந்தாங்க ஆன்ட்டி. நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு அவ்வளவு சந்தோஷம்." லைன் விட்டுவிட்டுக் கேட்டது. தவறாகக் கேட்டுவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

நீங்கள் நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். முந்தானை தலையில் ஒழுங்காகப் போட்டிருந்தது. முகத்தில் கஷ்டப்பட்ட அடையாளம் எதுவும் இல்லை. கையைத் தொட்டதும் தெரிந்துவிட்டது.

மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. உங்கள் பக்கம் இருந்தது காலி. எதிர்ப்பக்கம், நான் உட்காரும் நாற்காலிக்கு முன்னால், நீலக்கோடு போட்ட கோப்பை. அதில் கடைசி வாய் மிச்சம் இருந்தது. அடியில் இலைத் துணுக்குகள் தங்கியிருந்தன. நாற்காலி, யாரோ எழுந்துபோனதுபோல, மேசையிலிருந்து கொஞ்சம் விலகி இருந்தது.

மற்றவர்களைக் கூப்பிடுவதற்கு முன் நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? அந்த இரண்டு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். யாரோ வந்து, இது யாருடையது என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

ஷமீமா அன்று மாலை விமானத்தில் வந்து உங்கள் முகத்தைப் பார்த்தாள். அதன்பிறகுதான் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போனார்கள். மூன்றாம் நாள் ஓதி முடித்துச் சொந்தக்காரர்கள் கலைந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா எல்லாம் சொன்னாங்க ஆன்ட்டி. அங்கிள் விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சாமே. கேட்டும் எழுந்திரிக்கலன்னு சொல்லி அழுதீங்களாம். கோபம் உங்க மேல இல்லக்கான்னு சொன்னீங்களாம். இதை ஒரு வருஷமா தனியா வெச்சுட்டு இருந்திருக்கா பாருன்னு அம்மா அழுதாங்க."

என் மனதைத் தவிர வேறெங்கும் சொல்லப்படாத வார்த்தைகள். அவை அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரிசை மாறாமல் வந்தன.

நான் வரவில்லை, முக்கொம்பில் இருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். கடைசி நாளில் அம்மா தனியாக இல்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். அன்று அம்மா எப்படி இருந்தாங்க என்று கேட்டாள். ஏதாவது சொல்லவேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"முதல்ல போட்ட டீ கசந்துடுச்சு. சிங்க்ல கொட்டிட்டு, மறுபடியும் தண்ணி வெச்சாங்க. பேச்சுல ஓதறதை எண்ண மறந்துட்டேன்னு சிரிச்சாங்க."

ஷமீமா தலையாட்டினாள். "ஆமா. ஃபோன்லயும் அதைத்தான் முதல்ல சொன்னாங்க."

அவள் பிடியிலிருந்து என் கையை விடுவித்துக்கொண்டேன். நான் அதைக் கற்பனை செய்து சொல்லவில்லை அக்கா. சொல்லும்போது சிங்க்கில் ஓடிய பழுப்புத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தேன். அன்று முழுவதும் நான் என் உடம்போடு முக்கொம்பில்தான் இருந்தேன். கீதாவிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். பெஞ்சில் தூங்கிய என்னை அவள் ஃபோட்டோகூட எடுத்திருக்கிறாள். தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. வலதுகை மடியில், எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருக்கிறது.

கிளம்பும் நாளில் ஷமீமா மிச்சமிருந்த தேயிலையை டப்பாவோடு என்னிடம் கொடுத்தாள். படியிறங்கும் முன் நின்றாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும் ஆன்ட்டி. நீங்க அழுதப்போ அம்மா பதிலுக்கு என்ன சொன்னாங்க? ஃபோன்லயே அம்மாகிட்ட கேட்டேன். 'அது எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் உள்ளது'ன்னுட்டாங்க."

மறுபடியும் வாயைத் திறந்தேன். இந்த முறை ஒன்றும் வரவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு மதியம் மகனைக் கூப்பிட்டுச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அப்பா கீழே விழுவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் அன்றே சொன்னதாகவும், அழுதுகொண்டிருந்த என் காதில் அது விழவில்லை என்றும் சொன்னான். அதைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே என் பாரம் இறங்கியிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முக்கொம்பிலிருந்து திரும்பிய அன்றிலிருந்து நான் மாத்திரை போடவில்லை. யாராவது எதையாவது தடாலென்று கீழே வைத்தால் முன்போல உடம்பு தூக்கிப்போடுவதில்லை.

ஆக, நீங்கள் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள். என்னை எதிரே உட்காரவைத்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். அது என்னவென்று எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் இல்லாத அந்தப் பதிலின் தைரியத்தில்தான் நான் தினமும் எழுந்து நடமாடுகிறேன்.

உங்கள்
ஸ்டெல்லா