ஒரே இடத்தில் ஒரே பிழை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். உன் சுகத்தை நீ சொல்லித்தான் நான் நம்ப வேண்டும், தொலைபேசியில் உன் குரல் எப்போதுமே சளி பிடித்தது போலத்தான் கேட்கிறது. உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா உன் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டார். நேற்று பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, முன் அறையில், ஜன்னலோரம். நேரில் பார்த்தவள் நான், வேறு ஆதாரம் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காக நம் மொழியில் நீ எழுதி ஐந்து மாதம் முன்பு அனுப்பினாயே, அந்த மரபணுப் புத்தகத்தைத்தான். அது வந்த அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் வைத்தேன், அவர் அதன் மேல் தண்ணீர் ஜக்கை வைத்தார். நான்கு மாதம் ஜக்குக்கு அடியிலேயே கிடந்தது, அட்டையில் வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது.

இரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. நீ ஆராய்ச்சி செய்யும் நாட்டிலிருந்து கடைசியாக வந்திருந்தபோது இங்கே கல்லூரியில் பேசினாய் அல்லவா, அதைச் செய்தியாக எழுதியவள் நான். அப்பா அப்போது எங்கள் பத்திரிகையில்தான் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அச்சாவதற்கு முன் எந்தச் செய்தியையும் வீட்டில் பேசக்கூடாது என்பது கல்யாணமான நாள் முதல் எங்கள் இருவருக்கும் விதி, ஒரு மந்திரி ராஜினாமா செய்ததைக்கூட மறுநாள் காலைப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேசினோம். அந்த விதியை உன் விஷயத்திலும் கடைப்பிடித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. மனிதரைக் கடவுள் தனியாகப் படைத்தார் என்கிற கட்டுக்கதையை நம் மரபணுவே மறுக்கிறது என்று நீ சொன்னதை, உன் அப்பா முதன்முதலில் பிழை திருத்த வந்த மெய்ப்புத் தாளில் படித்தார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அச்சுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பிரார்த்தனைக் கூடத்தில் வேதம் வாசிக்க எழுந்தவரை, கூடத்தின் தலைவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் நின்று வாசித்த இடம் அது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. கூடத்துக் காவலாளி சொன்னார், இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். கடவுளை எதிர்த்துப் பேசியதற்காக அப்பா உன்மேல் கோபமாக இருக்கிறார், அதனால்தான் உன்னோடு பேசுவதில்லை என்றுதானே இத்தனை நாள் நினைத்திருக்கிறாய். கோபம் உண்டு. ஆனால் உன்னிடம் பேசினால் கூடத்தில் நடந்தது வாயில் வந்துவிடும், நீ வருத்தப்படுவாய் என்றும் பயந்திருப்பார். இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்.

இந்த இரண்டு வருடமும் வீடு எப்படி இருந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முந்தாநாள் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு எட்டு வாக்கியம், எண்ணினேன், தொழில் பழக்கம். குழாய் சொட்டுவது பற்றி மூன்று, மின்தடை பற்றி இரண்டு, மீதி போதும், வேண்டாம், சரி. அவர் முன் அறை, நான் பின் அறை, நடுவில் உன் அறை, அதன் கதவை இருவரும் சாத்துவதுமில்லை திறப்பதுமில்லை. வாரம் மூன்று நாள் அலுவலகம் போகிறேன், அங்கே எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். நீ அழைத்தால் பத்து நிமிடம் பேசுகிறாய், அதில் நான்கு நிமிடம் மழை வெயில். உன்னிடம் அவர் பக்கத்தையும் அவரிடம் உன் பக்கத்தையும் சொல்லிச் சொல்லி, எனக்கென்று இருந்த பக்கம் எது என்பதே மறந்துவிட்டது. உன் படுக்கைக்குப் புது விரிப்பு மாற்றுகிறேன் மாதாமாதம், யாருக்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

போன மாதம் கூடத்தின் தலைவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், சாந்தமாகத்தான் பேசினார். வருகிற இருபத்து மூன்றாம் தேதி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, என் மகள் சொன்னது பொய் என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே வாசிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்றார். அப்பா, “படிக்காம எதுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லைங்க, படிச்சுட்டுச் சொல்றேன்” என்றார். அன்று சாயந்திரம் மேசையில் ஜக்கு மட்டும் இருந்தது.

நேற்று படித்து முடித்ததும் புத்தகத்தோடு சமையலறைக்கே வந்துவிட்டார். “ஏம்மா, உன் மகளுக்கு ஒற்று எங்க போடணும்னே தெரியலையே, பதினேழு இடம் குறிச்சு வச்சிருக்கேன்” என்றார். இரண்டு வருடத்தில் உன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம் அது, ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன். பிறகு வைட்டமின் சி பற்றி நீ எழுதிய பக்கத்தைக் காட்டி, “ஆடு, எலி எல்லாம் அதை உடம்புலயே செஞ்சுக்குதாம், நமக்கு அந்த வேலையைச் செய்யற மரபணு கெட்டுப்போச்சாம். சரி, பிழை எங்கயும் வரும். சிம்பன்சிக்கும் அதே மரபணு அதே மாதிரி கெட்டிருக்குன்னு எழுதியிருக்காளே, நிஜமா?” என்று கேட்டார். இரண்டு உயிரியல் பேராசிரியர்களிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன், நிஜம்தான் என்றேன். கினிப்பன்றிக்கும் அது கெட்டிருக்கிறது, ஆனால் வேறு விதமாக என்றும் சொன்னேன். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு பேர் தனித்தனியா அச்சுக் கோத்தா, ரெண்டு பேருக்கும் ஒரே வரியில ஒரே எழுத்துப் பிழை விழாது. பாத்துக் கோத்த மூலப் பிரதி ஒண்ணா இருந்து, பிழை அதுலயே இருந்தாத்தான் விழும். பொய்னு சொல்ல ஒரு இடம் கிடைக்குமான்னு ஒரு மாசமாத் தேடுறேன், இந்தப் பக்கத்தைத் தாண்ட முடியல” என்றார். அப்படியானால் கடவுள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “அவரை எதுக்கு இழுக்கற? பிழைய எல்லாம் திருத்தறவர்னு நெனச்சு இத்தனை வருஷம் கும்பிட்டேன். விட்டு வைக்கறவராவும் இருக்காரு போல. அப்படியும் கும்பிட்டுப் பாக்கணும், பழக நாளாகும்” என்றார். சாயந்திரம் வழக்கம் போலக் கண்ணை மூடி உட்கார்ந்தார், வழக்கத்தை விட நேரம் ஆனது.

உனக்கு ஒன்று சொல்வேன், அம்மாவாக அல்ல, செய்தி எழுதுகிறவளாக. உன் சான்றில் குறை இல்லை. கட்டுக்கதை என்ற சொல்லை உன் மரபணு சொல்லவில்லை, நீ சொன்னாய். நாம் எந்த வழியாக வந்தோம் என்பது வரைக்கும்தான் உன் ஆதாரம் பேசுகிறது, அதற்கு மேல் பேசியது உன் வயது. அந்த ஒரு சொல்லை நான் எழுதாமல் விட்டிருக்கலாம், நீ சொல்லாமலும் இருந்திருக்கலாம், நம் இருவருக்கும் அதில் பங்குண்டு.

நீ நீண்ட நாள் நல்லபடியாக இரு, நீ தேடுவது உனக்குக் கிடைக்கட்டும், கிடைத்ததை மெதுவாகச் சொல்லவும் வரட்டும். வேலை மும்முரத்தில் மத்தியானச் சாப்பாட்டை விடாதே, உனக்கும் வைட்டமின் சி உடம்பில் ஊறாது, பழம் வாங்கித் தின்னு.

இனி நிலுவையில் இருப்பது. இருபத்து மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கூட்டம், ஆறு மணிக்கு முடியும். அப்பா எழுந்து நின்று என்ன சொல்லப் போகிறார், எழுந்து நிற்பாரா என்பதே எனக்குத் தெரியாது, கேட்டும் சொல்லவில்லை. இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே, இங்கே மாலை ஆறு என்றால் அவள் ஊரில் எத்தனை மணி என்று கேட்டார். சொன்னேன். உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு போனார். எதற்கென்று இன்னும் உறுதியாகவில்லை.

ஆசிகளுடன்,
உன் அம்மா