எரியாத மருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சொல்லத் தங்கை எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அண்ணியும் பாப்பாவும் அப்படியே இருக்கிறீர்கள் என்று பதில் வந்தால்தான் தனக்குச் சோறு இறங்கும் என்கிறாள் அம்மா. பாப்பாவுக்கு மறுபடி இழுப்பு வந்ததா, நெஞ்சுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா என்று கேட்கச் சொல்கிறாள். எதிர்வீட்டுத் தையல்காரர் மிச்சத் துணியில் மாஸ்க் தைத்துக் கொடுத்தார். அம்மாவுடையதில் பூப்போட்டிருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டே போட்டுக்கொள்கிறாள். நான் வேலை பார்க்கிற பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள் எடுத்த வீடியோவில் நான் ராட்டினத்துச் சீட்டைத் துடைப்பதை நீ பார்த்ததாகச் சொன்னாயே, அன்றிலிருந்து அம்மா மாடிப்படியில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரையும் நிறுத்தி அதைச் சொல்கிறாள். அடுத்து அவள் சொன்னது இது: லீவுக்கு வந்ததும் பாப்பாவை நேரா பூங்காவுக்குக் கூட்டிட்டு வா, ஊரே போகுது, எத்தனை நாள்தான் பயந்து வீட்டுக்குள்ளயே கெடக்கிறது, நம்ம பொண்ணு கையால துடைச்ச சீட்டு, எழுதுடி. அவள் சொன்னபோது நான் அதை எழுதவில்லை. பேனா மக்கர் பண்ணுதும்மா என்றேன். வேறு பேனா கேட்க மாடி வீட்டுக்குப் போனவள் அங்கே பேச்சில் மாட்டிக்கொண்டாள். அவள் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். போனில் என்றால் எனக்கு வாயே வராது, உனக்குத் தெரியும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை என் விரல் எரியவில்லை, அண்ணா. அதைத்தான் முதலில் கவனித்தேன். சீட்டுக் கம்பி கீறிய காயம் அது, சீட்டைத் துடைக்கிற கிருமி மருந்து பட்டால் எரிச்சலில் உயிர் போகும். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனேன், வாசனையும் இல்லை. ஸ்டோர்க்காரரிடம் கேட்டதற்கு, மருந்து லாரி வரலைம்மா, தண்ணில கொஞ்சம் நீலம் கலந்திருக்கு, வர்ற வரைக்கும் ஓட்டு என்றார். சூப்பர்வைசருக்கும் தெரியும். போன மாதம் கேட்டில் ஒரு அக்கா அட்டையும் பேனாவுமாக நின்று, இந்த நோய்க்காலத்தில் எதை நம்பிக் குடும்பத்தோடு வந்தீர்கள் என்று வருகிறவர்களைக் கேட்டார். பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்து சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் சொன்னது, கண்ணெதிரே துடைக்கிறார்கள், அதைப் பார்த்தால் தைரியமாக இருக்கிறது என்று. அன்றிலிருந்து சூப்பர்வைசர் என்னை வரிசைக்கு முன்னால் நிறுத்தி, பாட்டிலை நல்லாத் தூக்கிப் பிடி, ஊமைக்கோட்டான் மாதிரி ஓரமா நின்னு துடைச்சா யாருக்குத் தெரியும் என்கிறார். நானும் தூக்கித்தான் பிடிக்கிறேன். இன்றோடு ஒன்பது நாள். நேற்று ஒருவர் தன் மனைவியிடம், பாத்தியா, நான்தான் சொன்னேன்ல, நம்ம வீட்டைவிட இங்க சுத்தம் என்றார். அவர் தோளில் இருந்த குழந்தை கம்பியை வாயில் வைத்துச் சப்பியது. ராட்டினம் ஓட்டுகிற மாமா நாலு நாளாக வரவில்லை. கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். அதற்கு முந்தின வாரமெல்லாம் இருமிக்கொண்டுதான் இருந்தார். எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தொடாமல் நேரே குளிக்கப் போகிறேன். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்கிறாள்.

அம்மா வந்துவிட்டாள். எழுதினதைப் படி என்றாள். ஒரு வரிகூட விடாமல் படித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஏண்டி இத்தனை நாள் வாயைத் திறக்கல என்றாள். வேலை போயிடுமேன்னு, அதோட பாப்பா வர்றதையே நீ சொல்லிட்டிருந்தியே என்றேன். பேத்தியைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது, அண்ணா. கொஞ்ச நேரம் பூப்போட்ட மாஸ்க்கை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு, இந்த லீவுக்கு வர வேணாம்னு எழுது என்றாள். எழுதிவிட்டேன், இதுதான் அது. அப்புறம் என்னைப் பார்த்து, நம்ம புள்ளைக்கு எழுதியாச்சு, நாளைக்கு வரிசையில நிக்கிற புள்ளைங்களுக்கு யாருடி எழுதுவா என்று கேட்டாள்.

பாப்பா நெஞ்சு லேசாகி, நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள். பாப்பாவைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகாதே. உன் மாஸ்க் மூக்குக்கு மேலே இருக்கட்டும், தாடைக்கு அல்ல.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா
எழுதியது: தங்கை

நேற்று எழுதிய இந்தக் கடிதத்தின் கவரை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். இன்று காலை வேலைக்குப் போனேன். வரிசையில் முதலில் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போய், இது வெறும் தண்ணிங்க என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.