நாலு லட்சம் பேர் பார்த்த தும்மல்

எஸ்பியர், மார்ச் 3

டில்டே,

"அன்புள்ள" எல்லாம் இன்னைக்குக் கிடையாது. எல்லா ஆப்லயும் உன்னை பிளாக் பண்ணிட்டு நிம்மதியா இருந்தேன். தபால்காரரை எப்படிடி பிளாக் பண்றது? அந்த மனுஷன் உன் மூணாவது கடிதத்தை என் கையில குடுத்துட்டு, "இங்கிலாந்துலேர்ந்து மறுபடியும். ஒரு பதில் போட்டுடும்மா, பாவம்"னு எனக்கே அட்வைஸ் பண்றார்.

சரி, பதில். உன் கல்யாணத்துக்கு வர மாட்டேன். காரணம் புரியலன்னு எழுதியிருக்க. புரியலயா? போன அக்டோபர், என் இருபத்தஞ்சாவது பிறந்தநாள். நம்ம ஊர்ல கல்யாணம் ஆகாம இருபத்தஞ்சு ஆனா விளக்குக் கம்பத்துல கட்டி லவங்கப்பட்டைத்தூளால அபிஷேகம் பண்ணுவாங்க. பண்ணுங்க! நானும் எத்தனை பேருக்குப் பண்ணிருக்கேன். ஆனா கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி கொண்டுவர்றது உன் பொறுப்பு. "ஐயோ, மறந்துட்டேன்"ன்னுட்ட. கண்ணு எரிஞ்சு, மூக்கு ஒழுகி, தும்மித் தும்மி, நம்ம டீம் ஸ்கார்ஃபோட "அம்மா!"ன்னு நான் கத்தினதை வீடியோ எடுத்து உலகத்துக்கே போட்ட பாரு, அதுதான் காரணம். நாலு லட்சம் பேர்! நான் உசுரா நினைக்கிற கோல்கீப்பர் யோஸபினாவே சிரிக்கிற பொம்மை போட்டிருக்கா. அவளுக்காக ஆறு வருஷமா நான் நடத்துற ரசிகர் பக்கத்துல இப்ப எல்லாரும் "ஹச்சூ"ன்னுதான் கமெண்ட் போடுறாங்க.

இதுக்கு நம்ம பாஷையில ஒரு வார்த்தை இருக்கு: ஸ்கேதஃப்ரூத். அடுத்தவ அடிபட்டா உள்ளுக்குள்ள இனிக்குமே, அது.

உன் பழைய தோழி (பழையங்கிறதுல ரெண்டு கோடு போட்டுக்கோ),
ஸிஸல்

ஹல், மார்ச் 14

அன்புள்ள ஸிஸலுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டாகவாவது வந்ததே.

நீ எழுதிய சொல்லை அலுவலகத்தில் சொன்னேன். பள்ளி அகராதி தயாரிக்கும் இடம், இல்லையா, எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் புழக்கத்தில் சொந்தச் சொல் இல்லை. ஜெர்மன்காரர்களிடம் இரவல் வாங்கி "ஷாடன்ஃப்ராய்ட" என்கிறார்கள். பக்கத்து மேசை பெவர்லி ஒரு பழைய புத்தகத்திலிருந்து கிரேக்க வேர் கொண்ட இன்னொன்றைத் தோண்டி எடுத்தாள். அதை எப்படி உச்சரிப்பது என்று அரை மணி நேரம் சண்டை. சொல்தான் இரவல், குணம் தாராளமாக இருக்கிறது: நேற்று மேலாளர் சுழல் நாற்காலியிலிருந்து விழுந்தபோது மாடி முழுக்கச் சிரித்தது.

ஆனால் நான் செய்தது அதுவல்ல, ஸிஸல். பாசத்தில் செய்தது. கண்ணாடி நிஜமாகவே மறந்துபோயிற்று. மே 9 கல்யாணத்தில் மணப்பெண் தோழியாக நீதான் என் பக்கத்தில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை பார்னியும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

என்றும் உன்,
டில்டே

எஸ்பியர், மார்ச் 25

மேன்மை தங்கிய அகராதி அம்மாவுக்கு,

ஏன்டி டிவியில செய்தி வாசிக்கிற மாதிரி எழுதுற? ஜெர்மன் இருக்கு, கிரேக்கம் இருக்கு, பெவர்லி இருக்கா. "ஸாரி" எங்கடி? ரெண்டு தடவை தேடிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மேட்ச். ஒரு கோல்ல ஜெயிச்சோம், நான் எழுந்து கத்துறேன், பின் வரிசைக்காரன் ஒருத்தன், "ஏய், பட்டைப் பொண்ணு! எங்களுக்காக ஒரு தும்மல் போடு!"ங்கிறான். எங்கம்மா திரும்பி, "உன் மூக்கு இல்லையா? நீயே போடு"ன்னாங்க. மொத்த வரிசையும் போட்டுச்சு. ஹச்சூ, ஹச்சூன்னு. வீட்டுக்கு வந்து ரசிகர் பக்கத்தை அழிச்சுட்டேன். ஆறு வருஷம், ஒரு பட்டன்.

நீ மட்டும் மே 9 கல்யாணம், மே 16 இருபத்தஞ்சாவது பிறந்தநாள்னு ஏழு நாள்ல தப்பிக்கிற! உனக்காகப் பன்னிரண்டு கிலோ பட்டைத்தூள் எப்பவோ வாங்கிட்டேன். அதை வெச்சு நான் என்ன பண்றது, வாழ்நாள் பூரா பன் சுடவா?

கடுப்பின் உச்சியிலிருந்து,
ஸிஸல்

ஹல், ஏப்ரல் 9

ஸிஸல்,

கல்யாணம் இல்லை. பார்னி திங்கட்கிழமை அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். "நீ கெட்டவள் இல்லை, ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றான். எதற்குப் பயம் என்று சொல்லவில்லை.

மே மாதம் பிறந்தநாளுக்கும் ஊருக்கு வரமாட்டேன். எல்லோர் முன்னாலும் கம்பத்தில் நிற்க என்னால் முடியாது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இருக்கட்டும்.

டில்டே

எஸ்பியர், ஏப்ரல் 16

அன்புள்ள டில்டே,

ஒண்ணு சொல்றேன், கிழிச்சுப் போட்டுடாதே. உன் கடிதத்தைச் சமையலறையில நின்னுக்கிட்டு, ஈரல் விழுது தடவின கறுப்பு ரொட்டியும் கையுமா படிச்சேன். படிச்சதும் சிரிச்சேன். சத்தமா. ஒரு குதி குதிச்சதுல ரொட்டி கீழ விழுந்துருச்சு. "என்னடி, யோஸபினா உனக்கு மெசேஜ் பண்ணிட்டாளா?"ன்னாங்க அம்மா. சொன்னேன். அம்மா சிரிக்கல. "அந்தப் பொண்ணு சாப்பிட்டாளான்னு கேட்டியா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அப்புறம் எனக்கு ரொட்டி இறங்கல. உன்னைப் பத்திச் சொன்னேன்ல, அந்த வார்த்தை? அது அப்படியே எனக்குள்ள குதிச்சிட்டிருந்துச்சு. என் மேலயே எனக்கு எரிச்சல்.

சாப்பிட்டியா?

16ஆம் தேதி வா. நம்ம தோழிங்க ஆறு பேர் மட்டும். எல்லா போனும் அம்மாகிட்ட. நீச்சல் கண்ணாடி நானே வாங்கி வெச்சிருக்கேன், உன்னை நம்பல. வந்தா பழசை மறந்துடுறேன். நீயும் மறந்துதானே போன, கண்ணாடியை.

ஸிஸல்

ஹல், ஏப்ரல் 24

ஸிஸல்,

இதைச் செய்தி மாதிரி எழுத வரலடி.

நான் கண்ணாடியை மறக்கல. அன்னைக்கு என் கோட்டுப் பையிலதான் இருந்துச்சு, கையால தொட்டுக்கிட்டே நின்னேன். "கண்ணாடி எங்க?"ன்னு நீ கத்தினப்ப எடுத்துத் தரத்தான் போனேன். ஆனா கண்ணாடி போட்டா உன் மூஞ்சி தெரியாதே, வீடியோ சப்புன்னு இருக்குமேன்னு தோணுச்சு. அதைவிட மோசமானது ஒண்ணு: நீ எப்பவும் அவ்ளோ சந்தோஷமா இருப்ப, உன் டீம், உன் யோஸபினா, உன் ரசிகர் பக்கம். ஒரு நாள் நீ அழுறதைப் பார்க்கணும்னு இருந்துச்சு.

பாசம் இல்ல. நீ சொன்ன வார்த்தைதான்.

ஸாரி. உன் ஆறு வருஷத்துக்கு ஸாரி. இப்பவும் கூப்பிட்டா வர்றேன். எனக்குக் கண்ணாடி வேண்டாம்.

சாப்பிட்டேன்.

டில்டே

எஸ்பியர், மே 5

கழுதை,

ஒரு வாரம் பதில் போடக் கூடாதுன்னு இருந்தேன். இன்னைக்கோட முடிஞ்சுது. நடுவுல நாலு கடிதம் எழுதிக் கிழிச்சேன். அதுல இருந்த வார்த்தை எதுவும் உன் அகராதியில இருக்காது.

மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. இன்னும் கொதிக்குது. ஆனா 16ஆம் தேதி காலையில பிலுண்ட் ஏர்போர்ட்ல நிப்பேன்.

கண்ணாடி போட்டுத்தான் கட்டுவேன், இறுக்கமா. நான் நீ இல்ல.

என் போன் மட்டும் அம்மாகிட்ட போகாது, வீடியோ எடுப்பேன். யாருக்கும் அனுப்ப மாட்டேன், உன் முன்னாடியே அழிச்சிடுவேன். அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேன்.

சரி, ரெண்டு தடவை.

ஸிஸல்