உள் அறை வரை நாற்பத்திரண்டு அடி

2-2-1964, ஞாயிறு, பம்பாய்
இன்று டேப் வைத்து அளந்தேன். ஹாலில் உள்ள ரேடியோகிராமிலிருந்து, சுவரோரமாக, இரண்டு கதவுகளுக்கு மேலே ஏற்றி இறக்கி, என் மனைவி நாகலக்ஷ்மியின் கட்டில் தலைமாடு வரை நாற்பத்திரண்டு அடி. நெஞ்சில் காசநோய் என்று தெரிந்ததிலிருந்து அவள் அந்த உள் அறையிலேயே படுத்திருக்கிறாள். தினம் ஓர் ஊசி, மொத்தம் தொண்ணூறு. பெட்டியோ பீரோ கனம், உள்ளே கொண்டுபோக முடியாது. தனியாக ஒரு ஸ்பீக்கரை அங்கே வைத்து வயர் இழுத்துவிட்டால் பாட்டாவது கேட்பாள். என்னால் வேறென்ன செய்ய முடிகிறது?

8-2-64
ஆபீஸ் அரை நாள். ஆபீஸ் சிநேகிதன் கிட்டுவோடு லோஹார் சால் எலெக்ட்ரிக் கடைத்தெருவுக்குப் போனேன். வாசல் மணிக்குப் போடும் மெல்லிய வயரைக் காட்டி, "இது போறும்டா, கரன்டா ஓடப்போறது? பாட்டுதானே" என்றான். வாங்கிவிட்டேன்.

9-2-64
காலை முழுக்க ஆணி அடித்தேன். வீணை இசைத்தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.
"கேக்கறதா?"
"கேக்கறது. ஆனா எங்கேயோ தூரத்துல வாசிக்கறாப்பல இருக்கு."
சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

16-2-64
பழையதைப் பிடுங்கிவிட்டு நூல் சுற்றிய முறுக்கு வயர் போட்டேன், இருபத்துமூன்று இழை. "வீணைன்னு தெரியறது. மேல் ஸ்தாயிதான் வரமாட்டேங்கறது" என்றாள். பத்து வருஷம் வீணை வாசித்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மெல்லிய வயர் மேல் ஒலியைத் தின்றுவிடும் என்று கிட்டு இப்போது சொல்கிறான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம்!

22-2-64
மறுபடி லோஹார் சால். பல்லி வால் மாதிரி ஒன்று, பாம்பு மாதிரி ஒன்று, நடுவில் எத்தனையோ. எது என்று எனக்கெப்படித் தெரியும்? கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "மோட்டாவாலா லே லோ சாப்" என்று தடித்ததையே எடுத்து வைத்தார். நாற்பது இழை, சுத்தச் செம்பு.

23-2-64
போட்டாயிற்று. "இன்னும் கொஞ்சம் பெரிசா வைக்கப்படாதோ?" என்றாள்.
வைத்தேன். கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

1-3-64, ஞாயிறு
தாராவியிலிருந்து ரேடியோ மெக்கானிக் அபுதாஹிரை அழைத்து வந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒவ்வொரு முனையாகப் பார்த்தார். பிறகு அவள் தலைமாட்டிலேயே குனிந்து நின்று, கண்ணை மூடி, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். என்னை ஹாலுக்குக் கூப்பிட்டார்.
"சார், கோவப்படக் கூடாது. வயர்ல ஒரு கொறையும் இல்ல. எனக்குக் கணீர்னு கேக்கு."
"அவளுக்குக் கேக்கலையே?"
அவர் தரையைப் பார்த்தார். "அம்மாவுக்கு என்ன ஊசி போடுதாங்க சார்? எங்க அண்ணனுக்கும் இந்தச் சீக்குதான். ஊசி போட்டுப் பொழச்சுக்கிட்டான். காதுதான் போயிட்டு."
கூலி வேண்டாம் என்று போய்விட்டார். நான் இசைத்தட்டை நிறுத்தக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

3-3-64
டாக்டர் ஒத்துக்கொண்டார். சிலருக்கு அப்படி ஆகுமாம். போனது திரும்பாதாம். இன்னும் இருபத்தொரு ஊசி. இப்போது நிறுத்தினால் நெஞ்சுப் புண் ஆறாது, மாத்திரை மட்டும் போதாது. "யோசிச்சுச் சொல்லுங்கோ" என்கிறார். என்னத்தை யோசிக்கறது? ஒரு வயரைப் பொறுக்கத் தெரியாதவன்கிட்ட இதைக் கேட்டா—

4-3-64
நர்ஸ் வந்தாள். ஊசி போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

5-3-64
தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன், அவள் காதருகே, உரக்க. அவள் அழவில்லை.
"எனக்குத் தெரியும். ஒரு மாசமா காதுல ஒரே இரைச்சல்."
"ஏன் சொல்லலை?"
"சொன்னா ஊசியை நிறுத்திடுவேளோன்னு பயம். எனக்கு உசிரோட இருக்கணும்."
பிறகு, "நீங்க வேற அத்தனை ஆசையா ஆணி அடிச்சிண்டிருந்தேள்" என்றாள்.
நான் குழாயடியில் போய் நின்றுகொண்டேன்.

15-3-64
ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னாள். மூன்று தடவை. அப்புறம் போதும் என்று கையைக் காட்டினாள்.

24-3-64
தொண்ணூறாவது ஊசி.

7-11-64, சனி
டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்து அவளைப் பார்த்து நீளமாக என்னென்னவோ சொன்னார். அவள் அவர் உதட்டையே பார்த்தாள், பிறகு என்னை. வெளியே வந்ததும் பேனாவை எடுத்து எக்ஸ்ரே உறையின் மேல் எழுதிக் காட்டினேன்: 'பூரண குணம்.'
படித்தாள். "நிஜமாவா?" என்றாள். தன் குரல் எவ்வளவு பெரிது என்பது இப்போது அவளுக்குத் தெரிவதில்லை. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.
நானும் அவளளவுக்கே உரக்கச் சொன்னேன்: "நிஜம்தான்!"