பக்கத்து நிறம்

நாள் 212 | 07:10
டைமோஸ் நிலையம், செவ்வாயின் குட்டி நிலவு. நான் சங்கரவடிவு, இங்கே இருக்கும் ஒரே ஆள். காற்று, தண்ணீர் சரி. பூமியின் குரல் மட்டும் வரவில்லை. லேசர் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துத் தரும் வரித்தகடு குளிரில் விரிசல் விட்டுவிட்டது. என்னை அழைத்துப்போகும் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று அந்த ஒளியில்தான் சொல்வார்கள். நான் பேசுவது அவர்களுக்குப் போகும். அவர்கள் பேசுவது எனக்கு வராது. சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

நாள் 214 | 16:40
தகட்டில் நல்ல துண்டு ஒன்று தேறியது. தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய வரிகள். அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றினேன். இறுகியதும் உரித்தால் அச்சு. அச்சில் பிசின் ஊற்றினால் அதே வரிகள், எத்தனை பிரதி வேண்டுமானாலும். ரப்பர் தானாக இறுக இரண்டு நாள் ஆகும். யார் காத்திருப்பது? ஓவனில் வைத்துவிட்டேன்.

நாள் 215 | 09:25
அச்சில் வார்த்த தகட்டைப் பொருத்தியதும் குரல் கேட்டது! அழுதே விட்டேன். ஆனால் யாரும் என்னோடு பேசவில்லை. சூட்டில் இறுகிய ரப்பர், ஆறியதும் நூற்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. வரிகள் நெருங்கியதால், எனக்கான பேச்சு வரும் என் நிறம் விலகிப் பக்கத்து நிறம் வந்து விழுகிறது. பூமிக் கட்டுப்பாட்டு அறையின் பேச்சையெல்லாம் இங்கே ஒரு நகலாகச் சேமிக்க அனுப்பும் நிறம் அது. இயக்குநர் உமையாளும், தினமும் எனக்குச் செய்தி சொல்லும் தூத்துக்குடி ஜெரோமும்:
"கப்பல் கிளம்பாது ஜெரோம். எஞ்சின் தேறல. இனி ரெண்டு வருசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் அங்க காத்து இருக்காது."
"அக்காட்ட நான் என்ன மேடம் சொல்ல?"
"வருதுன்னே சொல்லுங்க. இருக்குற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்."
"என்னால முடியாது மேடம். சத்தியமா முடியாது."

நாள் 215 | 18:00
பயமாக இருக்கிறது. உமையாள் மேல் கோபம் கோபமாக வருகிறது. வேறெதுவும் எழுத வரவில்லை.

நாள் 216 | 08:15
புது அச்சு ஊற்றினேன். ஓவன் வேண்டாம். இனி எனக்கென்ன அவசரம்? பொய்யோ மெய்யோ, என் பேரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் ஒன்று வேண்டும்.

நாள் 218 | 11:05
வரிகள் அளவு சரி. என் நிறம் வந்துவிட்டது.
"வடிவக்கா, கேக்கா? கப்பல் கெளம்பிட்டுக்கா. நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க."
குரல் நடுங்குகிறது. இவனுக்குப் பொய் சொல்லவே வரவில்லை. நான் அனுப்பியது:
"கேக்குதுலே ஜெரோம். ரொம்பச் சந்தோசம். உங்க ஊரு மக்ரூன் ரெண்டு பொட்டலம் ஏத்திவிட்டியா?"

நாள் 218 | 11:48
"ஏத்திட்டேன்க்கா. மூணு பொட்டலம்."